ஸ்குவிப் – தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். 1967இல் வந்த 'பானி அண்ட் கிளைட்' என்ற அமெரிக்கக் கொள்ளை ஜோடிப் படத்தைப் பற்றித் திரைப்பட மாணவர்களுக்கான பாடம் ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தாக வேண்டும். 'ஸ்குவிப்' என்ற இடத்தில் வண்டி நின்றுவிட்டது. நடிகரின் சட்டைக்கு அடியில் சின்ன வெடிமருந்து, அதன்மேல் சாயப் பை. மின்சாரம் கொடுத்தால் துணி கிழிந்து ரத்தம் தெறிக்கும். அதற்கு முந்தைய ஹாலிவுட்டில் ஒரு ஷாட்டில் துப்பாக்கி சுடும், அடுத்த ஷாட்டில் ஆள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுவார், சட்டை கசங்காது. இந்தப் படத்தின் இயக்குநர் ஆர்தர் பென் அந்த நாகரிகத்தை உடைத்தார். இப்போதைக்குக் 'குருதிவெடி' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

— பாடம் பெயர்ப்பவர்

> குருதிவெடி

அம்மா, கேட்க நன்றாக இருக்கிறது, பொருள் தவறு. கடைசிக் காட்சியில் போலீஸ் சுடும்போது காரின் தகரமும்தான் சல்லடையாகிறது. காருக்கு ஏது குருதி? சிவகாசிப் பிள்ளைகளைக் கேளுங்கள், 'பொட்டுவெடி' என்பார்கள். சிறியது, ஒட்டக்கூடியது, பட்டென்று வெடிப்பது. போதாதா?

— கோவில்பட்டி

பொட்டுவெடி விளையாட்டுப் பொருள். பாடநூலில் அதைப் பார்த்தால் வகுப்பு சிரிக்கும். 'சிமிழ்வெடி' என்க. சிமிழ் சிறு செப்பு. மருந்தை அடைத்து வைப்பது. சிமிழ்த்தல் என்றால் வலையில் அகப்படுத்துதல். 'புதல்மறைந்து வேட்டுவன் புள்சிமிழ்த் தற்று' (குறள் 274), அதாவது வேடன் புதரில் மறைந்து பறவையைப் பிடிப்பதுபோல. 1934 மே 23 அன்று லூசியானாவில் நிஜ பானியையும் கிளைடையும் சுட, காவல் அதிகாரி ஃபிராங்க் ஹேமரின் ஆட்கள் புதர் மறைவில்தானே காத்திருந்தார்கள்? படத்திலும் சுடுவதற்குச் சற்று முன் புதரிலிருந்து பறவைகள் கலைந்து பறக்கின்றன. வேட்டுவன், புதல், புள் மூன்றும் இருக்கின்றன!

— புலவர் (ஓய்வு)

ஐயா, அந்தக் குறள் கூடாவொழுக்கம் என்ற அதிகாரத்தில் வருகிறது, தவவேடக்காரனைப் பற்றியது. பாவம் ஹேமர்! அப்புறம், படத்தில் பறவைகள் தப்பித்துவிடுகின்றன.

— கோவில்பட்டி

எல்லோரும் வெடியையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். ஸ்குவிப் இந்தப் படத்துக்கு முன்பே இருந்தது. புதிது, அதைக் காட்டிய விதம். நான்கு கேமராக்கள், ஒவ்வொன்றும் ஒரு வேகத்தில் ஓட, படத்தொகுப்பாளர் டீடி ஆலன் அவற்றை மாற்றி மாற்றி வெட்டிச் சேர்த்தார். உடல் மெதுவாகச் சரிகிறது, வெட்டு மட்டும் வேகமாக ஓடுகிறது. ஜப்பானிய இயக்குநர் குரோசவாவிடம் இதன் முன்மாதிரி உண்டு. நியூயார்க் டைம்ஸில் விமர்சகர் பாஸ்லி கிரவுதர் படத்தைத் தாக்கினார், நியூயார்க்கர் இதழில் விமர்சகர் பாலின் கேல் தாங்கிப் பிடித்தார். இருவரும் வாதாடியது வெடிமருந்தைப் பற்றியா? மறு ஆண்டே ஹாலிவுட்டின் பழைய தணிக்கை விதிகள் போய், யார் பார்க்கலாம் என்று வயதுவாரியாகச் சொல்லும் தரச்சான்று முறை வந்தது. அதற்கு இந்தப் படம் மட்டுமே காரணம் என்று பாடத்தில் இருந்தால் திருத்திவிடுங்கள். விதிகள் 1966லேயே தளர்ந்துவிட்டன.

— படத்தொகுப்புக்காரன்

நல்ல தகவல், ஆனால் எனக்குச் சொல் வேண்டும்!

— பாடம் பெயர்ப்பவர்

'ஸ்குவிப்' என்றே எழுதலாமே. கோடம்பாக்கத்தில் வேலைக்குப் போகிற பையன் 'சிமிழ்வெடி எங்கே?' என்று கேட்டால் யார் எடுத்துக் கொடுப்பார்கள்?

— படத்தொகுப்புக்காரன்

அப்படியே போனால் 'காட்சி மெதுவா ஓடுது' என்பதையும் ஆங்கிலத்திலேயே எழுதிவிடலாம்.

— புலவர் (ஓய்வு)

சரி. இதுவரை பொட்டுவெடிக்கு என்னோடு சேர்த்து இருவர், சிமிழ்வெடிக்கு ஒருவர், ஸ்குவிப்புக்கு ஒருவர். முதல் இடத்தில் மட்டும் 'பொட்டுவெடி எனும் ஸ்குவிப்', பிறகு பொட்டுவெடி. நாளை அனுப்புகிறேன்.

— பாடம் பெயர்ப்பவர்

என் மறுப்பைப் பதிவு செய்துகொள்ளுங்கள். 'பொட்டு' திராவிட வேர்தானா என்பதைத் தனி மடலில் எழுதுகிறேன்.

— புலவர் (ஓய்வு)