மறு: "புரொடக்‌ஷன் ரன்" என்பதற்கு ஈடு என்றே வைத்துக்கொள்ளலாமே

குழுவினருக்கு வணக்கம்.

இழை வேறு பக்கம் போய்விட்டதால் தம்பி கேட்ட முதல் கேள்வியை இங்கே மறுபடி ஒட்டுகிறேன்.

> ராணுவ வண்டி மாதிரிகள் சேகரிப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதுகிறேன். ஒரு டாங்கி மாதிரியை ஒரு தடவையில் எத்தனை செய்தால் சரியாக இருக்கும் என்பதுதான் அதில் முக்கியம். "ஐடியல் புரொடக்‌ஷன் ரன் சைஸ்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

இதற்கு இதுவரை வந்தவை மூன்று: "உகந்த உற்பத்தி ஓட்ட அளவு", "இலட்சியத் தொகுதி அளவு", "பதிப்பளவு". முதலாவதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், டாங்கி ஓடுகிறதா ஆலை ஓடுகிறதா என்றே பிடிபடாது. தொகுதி என்ற சொல் ஏற்கெனவே சட்டமன்றம், கவிதைப் புத்தகம், மென்பொருள் என்று எல்லா இடத்திலும் வேலை பார்க்கிறது, அதற்கு இன்னொரு வேலை கொடுக்க வேண்டாம். பதிப்பளவு நல்ல சொல். ஆனால் அது வேறொன்றுக்குத் தேவைப்படும், கீழே வருகிறேன்.

என் முன்மொழிவு: ஈடு. இட்லிப் பானையில் ஒரு தடவை ஊற்றி எடுப்பதை வீட்டில் எல்லோரும் ஒரு ஈடு என்றுதான் சொல்கிறோம். "முதல் ஈடு எடுத்தாச்சு, ரெண்டாவது ஈடு வேகுது." கருவியை ஒருமுறை பூட்டி, ஒரே மூச்சில் செய்து இறக்கும் எண்ணிக்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. சுடு சூடு ஆனது போல, படு பாடு ஆனது போல, இடு ஈடு ஆனது. முதனிலை திரிந்த தொழிற்பெயர், இலக்கணத்தில் இடறல் இல்லை. அச்சில் இடுவது ஈடு, அதன் எண்ணிக்கை ஈட்டளவு.

> ஈடு என்றால் பிணை, அடமானம் என்றல்லவா படிப்பார்கள்? வைணவர்களுக்குத் திருவாய்மொழி உரை நினைவு வரும்.

வரட்டும் ஐயா. "வீட்டுப் பத்திரத்தை ஈடு வைத்தான்" என்பதும் "இன்னும் ஒரு ஈடு ஊத்து" என்பதும் ஒரே வீட்டில் ஒரே நாளில் பேசப்படுகிறவைதான், இதுவரை யாரும் குழம்பியதில்லை. ஈட்டளவு என்று கூட்டிச் சொல்லும்போது அந்தக் கொஞ்சச் சந்தேகமும் போய்விடும்.

என் கவலை வேறு. இந்தத் துறையில் ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் மூன்று வெவ்வேறு எண்களை ஒரே சொல்லில் போட்டுக் கலக்குகிறார்கள், அப்புறம் "இது அபூர்வம்" "இல்லை, தெருவெல்லாம் கிடைக்கிறது" என்று சண்டை. நாம் சொல் புதிதாக வைக்கும்போதே மூன்றையும் பிரித்து வைத்துவிடலாம்.

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்க டாங்கியான ஷெர்மனின் மாதிரி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். உடல், கோபுரம், சக்கரத் தொகுப்பு எல்லாம் ஒரே எஃகு அச்சில் வார்ப்பவை. முதலில் அமெரிக்கப் பச்சையில் ஆயிரம் செய்வார்கள். அடுத்த வருடம் அதே உடலுக்கு வட ஆப்பிரிக்கப் பாலைவன நிறம் பூசி, பிரிட்டிஷ் படைப்பிரிவின் சின்னம் வைத்து இன்னொரு ஆயிரம். பிறகு சுதந்திரப் பிரெஞ்சுப் படையின் சின்னத்தோடு மூன்றாவது ஆயிரம். ஒவ்வொரு பெட்டியிலும் "ஆயிரத்தில் ஒன்று" என்று சான்று அட்டை இருக்கும், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த அச்சிலிருந்து இறங்கிய உடல்கள் மூவாயிரம். அதிலும் பாலைவன ஷெர்மன் ஆயிரமும் ஒரே தடவையில் வராமல், அறுநூறு முதலிலும் நானூறு ஆறு மாதம் கழித்தும் வந்திருக்கலாம். ஆக ஒரு தடவையில் இறங்கியது ஈட்டளவு, அந்த நிறத்துக்கும் சின்னத்துக்கும் வாக்களித்த உச்ச எண் பதிப்பளவு, அச்சிலிருந்து ஆயுளுக்கும் வந்தது மொத்த வார்ப்பு. பழைய தமிழ்ப் புத்தகங்களின் இரண்டாம் பக்கத்தில் "படிகள் 1200" என்று போட்டிருப்பார்களே, அந்த மரபிலிருந்து வருவதால் பதிப்பளவை வாக்குறுதி எண்ணுக்கே விட்டுவிடுவோம் என்கிறேன்.

நாலாவதாக எஞ்சிய எண்ணிக்கை என்று ஒன்றும் உண்டு. இரண்டாம் உலகப் போருக்கு முன் லிவர்பூல் மெக்கானோ ஆலையிலிருந்து வந்த டிங்கி பொம்மைகளில் ராணுவ வண்டிகளும் உண்டு. அந்தக் காலத் துத்தநாகக் கலவையில் ஈயம் கொஞ்சம் கலந்துவிட்டால் போதும், வருடங்கள் போகப் போக உலோகம் உப்பி, வெடித்து, கையில் எடுத்தால் உதிரும். துத்தநாக நோய் என்பார்கள். அப்போது எத்தனை செய்தார்கள் என்பதைவிட எத்தனை உடையாமல் இருக்கின்றன என்பதுதான் இன்றைய விலையைத் தீர்மானிக்கிறது. போருக்குப் பின் 1950-களில் வந்த டிங்கி செஞ்சூரியன் டாங்கி வருடக்கணக்கில் சாதாரணக் கடைப் பொம்மையாக விற்றது, அதற்குப் பதிப்பளவு என்ற பேச்சே கிடையாது, பையன்கள் மண்ணில் போட்டு உருட்டினார்கள். இன்று பெட்டியோடு பளபளவென்று இருப்பதற்குத்தான் விலை.

சரி, "ஐடியல்" பக்கம் வருவோம். யாருக்கு உகந்தது என்று கேட்காமல் இந்தச் சொல்லை மொழிபெயர்க்க முடியாது.

ஈட்டளவை முதலில் முடிவு செய்வது அச்சுதான். எஃகு அச்சில் துத்தநாகக் கலவை வார்ப்பதென்றால் அச்சுக்கே பெருந்தொகை போய்விடும், ஆனால் அது லட்சக்கணக்கில் வார்த்தாலும் தாங்கும். எனவே நூறு இருநூறு செய்தால் கட்டுப்படியாகாது. ரெசின் மாதிரிகளுக்கு, அதாவது திரவமாக ஊற்றி இறுக வைக்கும் பிளாஸ்டிக்கில் செய்பவற்றுக்கு, நேர்மாறு. சிலிக்கோன் ரப்பர் அச்சு மலிவு, ஒரு சிறு பட்டறையில் மூல வடிவத்தைச் சுற்றி ஊற்றியே செய்துவிடலாம், ஆனால் இருபதிலிருந்து ஐம்பது வார்ப்புக்குள் ஓய்ந்துவிடும். எங்கே முதலில் போகும் தெரியுமா? டாங்கியின் முன்புறம் இழுவைக் கொக்கி இருக்கும் இடத்தில். அந்தச் சின்ன வளைவுக்குள் ரப்பர் மெல்லிய நாக்கு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும், ஒவ்வொரு தடவை கழற்றும்போதும் இழுபட்டு இழுபட்டு ஒருநாள் அறுந்துவிடும், அடுத்த வார்ப்பில் கொக்கியின் ஓட்டை அடைத்துக்கொண்டு ஒரு கட்டியாக வரும். அதைக் கத்தியால் சுரண்டி ஒப்பேற்றுகிற பட்டறைகளும் உண்டு, அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டுப் புது அச்சு ஊற்றுகிறவர்களும் உண்டு. இரண்டாவது வகைக்காரர்களின் ஈட்டளவை ரப்பரே சொல்லிவிடுகிறது. வெள்ளீயக் கலவையைச் சுழற்றி வார்க்கும் ரப்பர் அச்சுகள் நடுவில் நிற்கும், சில நூறு வரும்.

அச்சுக்கு அப்புறம் வண்ணம். கோபுரத்தில் எண், பக்கத்தில் நட்சத்திரம், பின்னால் படைப்பிரிவுச் சின்னம் எல்லாம் மெத்தை அச்சில் பதிப்பார்கள்: செதுக்கிய தகட்டிலிருந்து சிலிக்கோன் மெத்தை மையை ஒற்றி எடுத்து உலோகத்தில் ஒற்றும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித் தகடு, தனிப் பூட்டல். ஐந்து பொம்மைக்கும் ஐந்நூறு பொம்மைக்கும் பூட்டுகிற வேலை ஒன்றுதான். இந்தப் பூட்டல் செலவை வைத்துத்தான் ஃபோர்டு விட்மன் ஹாரிஸ் என்ற அமெரிக்கர் 1913-இல் ஒரு தொழிற்சாலை இதழில், ஒரு தடவைக்கு எத்தனை செய்வது என்பதற்கான பிரபலமான சூத்திரத்தை எழுதினார். ஆண்டுத் தேவையையும் பூட்டல் செலவையும் பெருக்கி, அதை இரட்டித்து, ஒன்றை ஓராண்டு கிடங்கில் வைத்திருக்கும் செலவால் வகுத்து, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். கணக்குக்காக: தேவை 1,200, பூட்டல் 48,000 ரூபாய், கிடங்குச் செலவு பொம்மை ஒன்றுக்கு 80 ரூபாய் என்றால் ஈட்டளவு சரியாக 1,200. தேவை நாலு மடங்கானாலும் ஈட்டளவு இரண்டு மடங்குதான் ஆகும்.

தம்பியின் கட்டுரைக்கு இந்தச் சூத்திரத்தை மட்டும் போட்டால் போதாது. ஹாரிஸ் கணக்கு தீரத் தீர மறுபடி செய்கிற பொருளுக்கானது, ஆணி, போல்ட் மாதிரி. சேகரிப்பு மாதிரியில் மறுபடி செய்தால் முதலில் வாங்கியவன் சண்டைக்கு வருவான். ஒரே ஈடுதான், அதோடு சரி என்னும்போது பொருந்துவது நாளிதழ் விற்பவர் கணக்கு. காலையில் எத்தனை தாள் வாங்கி வைப்பது என்ற அதே பிரச்சினை. பொருளாதார அறிஞர் எட்ஜ்வொர்த் 1888-இலேயே வங்கிக் கையிருப்புக்கு இப்படி யோசித்திருக்கிறார். ஒரு மாதிரி செய்ய 1,500 ரூபாய், கடைக்குக் கொடுப்பது 2,100, மிஞ்சினால் 600-க்குத் தள்ள வேண்டும் என்று வைப்போம். குறைவாகச் செய்தால் ஒன்றுக்கு 600 லாபம் போகிறது, கூடுதலாகச் செய்தால் ஒன்றுக்கு 900 நட்டம். 600-ஐ 1,500-ஆல் வகுத்தால் 0.4. அதாவது பத்தில் நாலு வாய்ப்பில் மட்டும் எல்லோருக்கும் கிடைக்கிற எண்ணில் நிறுத்த வேண்டும், மீதி ஆறில் தட்டுப்பாடு வரும். "வந்த உடனே தீர்ந்துபோச்சு, வேண்டுமென்றே குறைவாகச் செய்கிறார்கள்" என்று சேகரிப்பாளர்கள் திட்டுவது பாதி நியாயம்தான், பேராசை கொஞ்சமும் இல்லாத தயாரிப்பாளரும் இந்தக் கணக்கைப் போட்டால் அங்கேயேதான் வந்து நிற்பார்.

எனவே ஹாரிஸுடையதைச் சிக்கன ஈட்டளவு என்றும் இதை உகந்த ஈட்டளவு என்றும் சொல்லலாம். "இலட்சிய" வேண்டாம், இதில் இலட்சியம் எதுவும் இல்லை.

> பெட்டியில் 1,008, 504 என்றெல்லாம் விநோதமான எண்கள் வருகின்றனவே, அவையும் இப்படிச் சூத்திரத்தில் வருபவையா?

ஜெர்மனியின் மினிசாம்ப்ஸ் கார் மாதிரிகளில் பார்த்திருப்பீர்கள். 336, 504, 1,008 மூன்றையும் 24-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதி வராது. அட்டைப்பெட்டி நிரம்ப வேண்டும் என்பதற்கு மேல் அதில் மர்மம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. சூத்திரம் 970 என்று சொன்னாலும் ஆலை 984-இலோ 1,008-இலோ தான் நிற்கும். இதைவிட வேடிக்கை, அமெரிக்காவில் சேகரிப்புப் பீங்கான் தட்டுகளை "150 சூளை நாட்களுக்கு மட்டும்" என்று விற்றது. ஒரு நாளைக்கு எத்தனை தட்டு சுட்டார்கள் என்பதை வாங்குகிறவர் கேட்கக் கூடாது! அதைப் பதிப்பளவு என்று எழுதாதீர்கள்.

நிஜ வண்டி எத்தனை செய்யப்பட்டது என்பதை வைத்தும் ஈட்டளவைக் கணிக்க முடியாது. ஷெர்மன் சுமார் 49,000 செய்தார்கள், ஜெர்மன் டாங்கியான டைகரின் முதல் வகை சுமார் 1,350தான். மாதிரி உலகத்தில் இரண்டும் சரிக்குச் சரி மல்லுக்கட்டும், உலகத்து அலமாரிகளில் இருக்கும் டைகர்கள் ஜெர்மன் படை கண்டதைப் போலப் பல மடங்கு. தம்பி என்னிடம் எண் கேட்டால், பிரபலமான டாங்கியின் உலோக மாதிரிக்கு ஒரு நிறத்துக்கு ஐந்நூறிலிருந்து ஆயிரம், யாரும் கேள்விப்படாத பழுதுநீக்கு வண்டிக்கு ரெசினில் நூறுக்குள் என்பேன். இது என் கணிப்புதான், மறுக்கலாம்.

கடைசியாக, வாக்குறுதி. பொருளாதார அறிஞர் ரொனால்ட் கோஸ் 1972-இல் சொன்னது இது: நீடித்து உழைக்கும் பொருளை ஒருவர் மட்டுமே விற்றாலும், பின்னால் இன்னும் செய்து விலையைக் குறைப்பார் என்று வாங்குகிறவர்கள் எதிர்பார்த்தால் இன்றைக்கே அதிக விலை கொடுக்க மாட்டார்கள். ஓவிய அச்சுக்காரர்கள் இதனால்தான் பதிப்பு முடிந்ததும் தகட்டில் குறுக்கே கீறிவிடுவார்கள். பொம்மைக்காரர்கள் கீறுவதில்லை, எஃகு அச்சு சொத்தாயிற்றே. டிங்கியின் அச்சுகள் சில 1960-களின் கடைசியில் கல்கத்தாவுக்கு வந்து நிக்கி டாய்ஸ் என்ற பெயரில் மறுபிறவி எடுத்தன. பிளாஸ்டிக் மாதிரிகள் செய்யும் பிரிட்டனின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் 1981-இல் நொடித்த பிறகு அதன் பிளாஸ்டிக் அச்சுகள் கைமாறிக் கைமாறி, ஒரு கட்டத்தில் பிரான்ஸ் வரை போய் வந்தன. இப்படி அச்சு பிழைத்திருக்கும்வரை மொத்த வார்ப்பு மூடாத கணக்கு. பதிப்பளவை மட்டும் பார்த்து விலை கொடுக்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும், தம்பி இதை ஒரு பத்தியாகவாவது எழுதுங்கள்.

வேறு எதிர்ப்பு இல்லையென்றால் சொற்பட்டியலில் இப்படி ஏற்றுகிறேன்: ஈடு, ஈட்டளவு, சிக்கன ஈட்டளவு, உகந்த ஈட்டளவு, பதிப்பளவு, மொத்த வார்ப்பு, எஞ்சிய எண்ணிக்கை. மெத்தை அச்சு என்பதில் எனக்கே முழுத் திருப்தி இல்லை, படுக்கை மெத்தைதான் கண்ணில் வருகிறது. "ஒற்றச்சு" என்றால் எப்படி இருக்கும்? அச்சுக்கூடத்தில் வேலை செய்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள், அதை மட்டும் தனி இழையில் வைத்துக்கொள்ளலாம்.