ஸ்பிட்ஃபயர் மார்க் 3: பழைய கியர்பாக்ஸையே பிரிப்பதா, ஜிப்சி செட்டை ஏற்றுவதா? (பட்ஜெட் 2 லட்சம்)

அடையாறு_மார்க்3
வண்டி 1968 ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் மார்க் 3. பழைய மெட்ராஸ் நம்பர், ஆர்.சி. செல்லுபடியில் இருக்கிறது, பாடியும் மோசமில்லை. தொல்லை முழுக்கக் கீழேதான். இரண்டாவது கியர் போடும்போது கரகரவென்று கடிக்கிறது, மூன்றாவதில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் கியர் தானாக வெளியே வந்துவிடுகிறது, 50 கி.மீ. வேகம் தாண்டியதும் பின்னால் டிஃபரன்ஷியலில் (பின்சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்துக் கொடுக்கும் கியர் பெட்டி) ஊளை, கிளட்சை விட்டுக் கிளம்பும்போது டக்கென்று ஒரு அடி. எஞ்சின் ஓடுகிறது, ஆனால் சூடேறினால் ஆயில் பிரஷர் இறங்குகிறது. கையில் இருப்பது 2 லட்சம், அதற்கு மேல் வீட்டில் வாயைத் திறக்க முடியாது. நண்பர் ஒருவர் எல்லாவற்றையும் கழற்றிப் போட்டுவிட்டு மாருதி ஜிப்சியின் எஞ்சினையும் கியர்பாக்ஸையும் வைக்கச் சொல்கிறார். இன்னொருவர், அப்படிச் செய்தால் உன் வீட்டுப் பக்கமே வரமாட்டேன் என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஜி13_பிரியன்
முதல் நண்பர் பேச்சைக் கேளுங்கள் பாஸ். உங்கள் எஞ்சின் 1296 சிசி, இரட்டை எஸ்.யூ. கார்புரேட்டர், புதுசாக இருந்த காலத்தில் 75 குதிரைத்திறன். ஜிப்சி கிங்கில் வந்த ஜி13பிபி 1298 சிசி, 16 வால்வு, எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன்), 80 குதிரைத்திறன், அலுமினிய பிளாக் என்பதால் எடையும் குறைவு. கியர் ஐந்து. உங்கள் பாக்ஸில் முதல் கியருக்கு சிங்க்ரோவே (கியர் கடிக்காமல் சேர உதவும் பித்தளை வளையம்) கிடையாது, அதைக் கொடுக்கவே ட்ரையம்ஃப்காரர்களுக்கு 1970 மார்க் 4 வரை ஆனது. ஜிப்சியில் நான்கு சக்கரத்துக்கும் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் கியர்பாக்ஸோடு ஒட்டாமல் தனியாக உட்கார்ந்திருக்கும், அதை விட்டுவிட்டு பாக்ஸிலிருந்து நேராகப் பின்னால் ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் இழுத்துக்கொள்ளலாம். புதுப்பேட்டையில் நின்று பேசினால் பட்ஜெட்டில் பாதிக்குள் செட் வந்துவிடும். கிளட்ச் பிளேட் போனால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் எந்தக் கடையிலும் வாங்கலாம். லண்டனிலிருந்து பார்சல் வரக் காத்திருக்க வேண்டாம்.

வண்டலூர்_வாரிசு
தம்பி, கேள்வியை ஒழுங்காகப் படித்தீர்களா? அவர் சொன்ன ஐந்து குறையில் நான்கு எஞ்சினுக்குப் பின்னால் இருப்பவை. ஊளையிடுவது டிஃபரன்ஷியல். எஞ்சினை மாற்றினால் அது வாயை மூடிக்கொள்ளுமா? புது எஞ்சினோடு சேர்ந்து இன்னும் சத்தமாகப் பாடும். 80 குதிரைத்திறனை அந்தச் சின்ன ஹவுசிங்கில் கொண்டுபோய் இறக்கினால் அப்புறம் அதையும் மாற்ற வேண்டும், அதை மாற்றினால் ஆக்ஸில், ஆக்ஸில் மாறினால் பிரேக். ரேடியேட்டர், எஞ்சின் மவுன்ட், ஃப்யூவல் பம்ப், வயரிங் எதையுமே நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை.

என் அப்பா, ட்ரையம்ஃப் ஹெரால்டு காரை நம் ஊரில் செய்த வண்டலூர் ஸ்டாண்டர்டு ஃபேக்டரியில் வேலை பார்த்தவர், ஹெரால்டு கழற்றுவதைப் பார்த்தே வளர்ந்தேன். ஸ்பிட்ஃபயர் என்பதே ஹெரால்டின் சேசிஸைக் குட்டையாக்கி, அதே டிசைனர் மிக்கலோட்டியை வைத்து மேல்சட்டை தைத்த வண்டிதான். கியர்பாக்ஸும் டிஃபரன்ஷியலும் அதே குடும்பம். அந்தக் குடும்பத்தை நம் ஊரிலேயே வருஷக்கணக்கில் செய்து ஓட்டியிருக்கிறார்கள். இதைப் பிரிக்கத் தெரிந்த கை சென்னையில் இன்னும் இருக்கிறது.

ஜி13_பிரியன்
அண்ணே, அதே வண்டலூர்க்காரர்கள்தான் பிறகு கெசல் காரில் ஹெரால்டின் ஸ்விங் ஆக்ஸிலை (பின்சக்கரம் ஒவ்வொன்றும் தனித்தனியாக மேலும் கீழும் ஆடும் அமைப்பு) தூக்கிவிட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒரே விறைப்பான அச்சில் இணைக்கும் சாதாரண லைவ் ஆக்ஸில் போட்டார்கள். ஏன் போட்டார்கள்? நம் ஊர் ரோட்டுக்கும் நம் ஊர் மெக்கானிக்குக்கும் அது ஒத்துவரவில்லை. கம்பெனியே கைவிட்டதை இவர் ஏன் கட்டி அழ வேண்டும்? லைவ் ஆக்ஸில் ஒன்றை அளவு வெட்டி வைத்துவிட்டால் ஊளை, டக், ஸ்விங் ஆக்ஸில் மூன்றும் ஒரே நாளில் போய்விடும்.

வண்டலூர்_வாரிசு
ஒரே நாளிலா! கம்பெனி போட்டபோது டிராயிங் போட்டு, ஜிக் வைத்து, சேசிஸை அதற்கேற்ற மாதிரி செய்தார்கள். நீங்கள் பட்டறையில் வெல்டிங் ராடை வைத்துக்கொண்டு செய்யப் போகிறீர்கள். ஸ்பிட்ஃபயரில் குறுக்கு லீஃப் ஸ்பிரிங் டிஃபரன்ஷியல் ஹவுசிங்கின் மேலேயே போல்ட் ஆகியிருக்கிறது. ஹவுசிங்கை எடுத்துவிட்டால் ஸ்பிரிங்கும் போச்சு, சஸ்பென்ஷனே போச்சு. எல்லாவற்றையும் புதிதாக யோசிக்க வேண்டும். 2 லட்சத்தில் யோசிக்கிற விஷயம் இல்லை இது.

சோழவரம்_கேலரி
ஸ்விங் ஆக்ஸிலைப் பற்றி ஒரே ஒரு வரி. வளைவில் பாதியில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டால் பின்சக்கரம் உள்ளே மடங்கி வண்டி சுற்றிவிடும். மார்க் 3 வரைக்கும் எல்லா ஸ்பிட்ஃபயருக்கும் இந்தக் குணம் உண்டு, 1970-ல் மார்க் 4-ல் ஸ்பிரிங்கை மாற்றி அடக்கினார்கள். அதில் இன்னும் பவர் ஏற்றச் சொல்கிறவர் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்கில் ஓட்டிக் காட்டட்டும், நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன்.

ஆர்சி_புத்தகம்
பேப்பரைப் பற்றி யாருமே பேசவில்லையே. எஞ்சின் நம்பர் ஆர்.சி.யில் இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே அழுத்திச் சொன்னது. அனுமதி இல்லாமல் வேறு கம்பெனி எஞ்சினை வைத்து ஓட்டினால், நாளைக்கு ஓ.எம்.ஆரில் யாராவது வந்து இடித்தால்கூட இன்சூரன்ஸ்காரர் முதலில் பானெட்டைத்தான் திறக்கச் சொல்வார்.

இன்னொன்று. 2021-ல் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி வந்தது. வயது 50-ஐத் தாண்டியிருக்க வேண்டும், சேசிஸ், பாடி, எஞ்சின் மூன்றிலும் கை வைத்திருக்கக் கூடாது. உங்கள் வண்டி 2018-லேயே அந்த வயதைத் தொட்டுவிட்டது. பழைய நம்பர் உள்ள வண்டி அதே நம்பரை வைத்துக்கொள்ளலாம். ஜிப்சி எஞ்சின் ஏறிய அன்றே இந்தக் கதவு மூடிவிடும்.

ஜி13_பிரியன்
சார், அந்தத் தீர்ப்பு பாடியைக் கன்னாபின்னாவென்று மாற்றியவர்களைப் பற்றிய வழக்கு. அப்புறம் விண்டேஜ் வகையில் சேர்ந்தால் தினசரி ஓட்டவும் முடியாது, கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் விட, அவ்வளவுதான். இவர் வண்டியை ஓட்டத்தானே கேட்கிறார், துணி போட்டு மூடி வைக்கவா?

ஆர்சி_புத்தகம்
யாரைப் பற்றிய வழக்காக இருந்தாலும் பிரிவு ஒன்றுதான். விண்டேஜில் கட்டாயம் சேர வேண்டும் என்று நான் சொல்லவே இல்லை. எஞ்சின் மாற்றத்துக்கு அனுமதி வாங்கித் தருகிறேன் என்று உங்களால் எழுதிக் கொடுக்க முடியுமா?

அம்பத்தூர்_லேத்
சண்டை நல்லா இருக்கிறது, ஆனால் இத்தனை பேரில் ஒருத்தர்கூட அளந்து பார்க்கச் சொல்லவில்லை. இருபது வருஷமாகக் கடைசல் வேலை பார்க்கிறேன், அளக்காமல் பேசுகிற மெக்கானிக்கிடம்தான் பணம் அதிகம் போகும்.

முதலில் எஞ்சின். இது மூன்றே மெயின் பேரிங் உள்ள கிராங்க். முன்னும் பின்னும் நகராமல் அதைப் பிடித்து வைப்பது பின் மெயினில் இருக்கும் இரண்டு அரைவட்ட த்ரஸ்ட் வாஷர்தான். கிளட்ச் மிதிக்கும் ஒவ்வொரு தடவையும் அதில் ஒன்றின் மேல்தான் பாரம் இறங்கும். தேய்ந்து மெலிந்தால் ஒரு நாள் கழன்று அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் விழும், அப்புறம் கிராங்க் நேராக பிளாக்கையே அரைக்கும், அதோடு எஞ்சின் கதை முடிந்தது. யாரையாவது கிளட்ச் மிதிக்கச் சொல்லிவிட்டு முன்னால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். கண்ணுக்கே தெரிகிற மாதிரி நகர்ந்தால் ஸ்டார்ட் செய்வதை நிறுத்திவிடுங்கள். டயல் கேஜ் வைத்தால் 0.1 முதல் 0.2 மி.மீ. வரை இருக்கலாம்.

அடுத்தது அந்த டக். இந்த வண்டியில் யூனிவர்சல் ஜாயின்ட் கிராஸ் நான்கு: ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் இரண்டு, ஹாஃப் ஷாஃப்டுக்கு ஒவ்வொன்று. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றி ஷாஃப்டைக் கையால் முன்னும் பின்னும் திருகுங்கள், எந்த கிராஸ் ஆடுகிறது என்று விரலுக்கே தெரியும். நான்கும் நன்றாக இருந்தும் ஆட்டம் இருந்தால் டிஃபரன்ஷியலுக்குள் பிளானட் கியர் வாஷர் தேய்ந்திருக்கும். அதை கன்மெட்டலில் கடைந்துகொள்ளலாம், பெரிய வேலையே இல்லை.

ஊளை எப்போது வருகிறது? ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது மட்டுமா, விட்டபிறகுமா? கொடுக்கும்போது ஊளை, விட்டால் அமைதி என்றால் டிஃபரன்ஷியலின் முக்கிய கியர் ஜோடியான கிரவுன்-பினியனில் பல் சரியாக உட்காரவில்லை. எப்போதும் உறுமல் என்றால் பேரிங். பேரிங்காக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது இஞ்ச் அளவு டேப்பர் ரோலர், மேலே நம்பர் அடித்திருக்கும், அந்த நம்பரை எடுத்துக்கொண்டு பாரிமுனையில் பேரிங் கடைக்குப் போங்கள். ட்ரையம்ஃப் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், விலை ஏறிவிடும்.

ஜி13_பிரியன்
கிரவுன்-பினியனாக இருந்தால்?

அம்பத்தூர்_லேத்
இருந்தால் பழைய ஹெரால்டு ஹவுசிங் ஒன்று தேட வேண்டும். அதில் ஒரு சிக்கல் உண்டு. 948 சிசி ஹெரால்டுக்கு 4.875 ரேஷியோ (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட் அத்தனை சுற்று சுற்றும்), மார்க் 3-க்கு 4.11. 13 இஞ்ச் டயரில் 80 கி.மீ. போகும்போது இப்போது எஞ்சின் சுமார் 3100 சுற்று சுற்றும், ஹெரால்டு டிஃபரன்ஷியலில் அது சுமார் 3700. தி.நகருக்குள் சுற்ற சுகமாகத்தான் இருக்கும், ஈ.சி.ஆரில் மாமல்லபுரம் தாண்டுவதற்குள் காது வலிக்கும். ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லும்.

அடையாறு_மார்க்3
அளந்தேன். கிராங்க் 0.4 மி.மீ. நகர்கிறது. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் பின்பக்க கிராஸ் நன்றாகவே ஆடுகிறது, இடது ஹாஃப் ஷாஃப்டில் லேசாக. ஊளை, ஆக்சிலரேட்டர் கொடுத்தாலும் விட்டாலும் வருகிறது, கொடுத்தால் கொஞ்சம் அதிகம்.

ஜி13_பிரியன்
0.4! வாரிசு அண்ணே, "எஞ்சினில் குறை இல்லை" என்றீர்களே? எஞ்சின், பாக்ஸ், டிஃபரன்ஷியல், ஷாஃப்ட் என்று இப்போது வரிசையாக நிற்கின்றன. இதுதான் நான் முதலிலேயே சொன்னது. ஒவ்வொன்றாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் இன்னொன்று கிளம்பும், 2 லட்சம் 4 லட்சம் ஆகும், வண்டி பட்டறையில் பூனை குட்டி போடும் இடமாகிவிடும். செட்டாக மாற்றினால் செலவுக்கு ஒரு எல்லை இருக்கிறது.

வண்டலூர்_வாரிசு
ஐந்தில் நான்கு என்றுதான் சொன்னேன், மேலே போய்ப் படித்துக்கொள்ளுங்கள். செட்டாக மாற்றினால் எல்லை இருக்கிறது என்பதை மட்டும் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். பாதி எஞ்சின் மாற்றி நிற்கிற வண்டிகளை நான் பார்த்ததில்லையா? பழைய எஞ்சின் காயலான் கடைக்குப் போயிருக்கும், புது எஞ்சின் மவுன்டில் நிற்கும், வயரிங் யாருக்கும் புரியாது, செய்தவர் போனை எடுக்க மாட்டார். விற்கவும் முடியாது, ஓட்டவும் முடியாது.

அம்பத்தூர்_லேத்
0.4 கெட்ட செய்தி இல்லை, சரியான நேரத்தில் கண்டுபிடித்திருக்கிறீர்கள். த்ரஸ்ட் வாஷரை மாற்ற எஞ்சினை இறக்கவே வேண்டாம். சம்ப்பைக் கழற்றி, பின் மெயின் கேப்பை எடுத்து, பழையதைச் சுற்றி வெளியே தள்ளிவிட்டுப் புதியதைச் சுற்றி உள்ளே விடலாம். கொஞ்சம் தடித்த ஓவர்சைஸ் வாஷரும் வருகிறது, அளந்து போடுங்கள். சம்ப் திறந்திருக்கும்போதே பிக்-எண்ட், மெயின் ஷெல் (கிராங்கைச் சுற்றியிருக்கும் அரைவட்ட பேரிங் தகடுகள்) எல்லாவற்றையும் பாருங்கள், ஆயில் பிரஷர் இறங்குவதற்குக் காரணம் அங்கே இருக்க வாய்ப்பு அதிகம். கிராங்கில் ஷெல் உட்காரும் ஜர்னலில் நகத்தில் தட்டுகிற கோடு இல்லையென்றால் புது ஷெல் போதும். கோடு இருந்தால்தான் எஞ்சினை இறக்கி கிராங்க் கிரைண்டிங் போக வேண்டும், அப்போது ஜி13 தம்பியின் பேச்சுக்குக் கொஞ்சம் எடை வரும், மறுக்கவில்லை.

கியர்பாக்ஸுக்கும் எஞ்சினை இறக்க வேண்டாம். சீட்டையும் நடுவில் இருக்கும் டனல் கவரையும் கழற்றினால் பாக்ஸ் உள்பக்கமாகவே வெளியே வந்துவிடும். இரண்டாவது கடிப்பது சிங்க்ரோ ரிங். மூன்றாவது வெளியே வருவது ஹப் அல்லது செலக்டர் பக்கம் தேய்மானம், சில சமயம் டிடென்ட் ஸ்பிரிங் செத்திருக்கும், அது சில்லறைச் செலவு. லேஷாஃப்ட் (பாக்ஸுக்குள் லேகியர் என்ற கியர் கொத்து சுற்றும் அச்சு) குழி விழுந்திருந்தால் பதற வேண்டாம், அது ஒரு நேரான கம்பிதான், இ.என்.36 ஸ்டீலில் கடைந்து, கேஸ் ஹார்டனிங் கொடுத்து, கிரைண்டிங் செய்தால் அம்பத்தூர் எஸ்டேட்டிலேயே முடிந்துவிடும். லேகியரின் பல் உடைந்திருந்தால்தான் கஷ்டம், ஒரே ஒரு பீஸுக்காக கியர் வெட்டக் கேட்டால் சொல்கிற விலையில் நீங்கள் நாற்காலியைத் தேடுவீர்கள்.

பணத்துக்கு என் கணக்கு இதுதான்: இங்கிலாந்திலிருந்து எடை குறைந்ததை மட்டும் வரவழையுங்கள். சிங்க்ரோ ரிங், நீடில் ரோலர், த்ரஸ்ட் வாஷர், ஷெல், கேஸ்கெட் எல்லாம் சேர்த்தாலும் ஒரு ஷூ டப்பாவுக்குள் அடங்கும். ஸ்பிட்ஃபயருக்கு அங்கே சாமான் ஏராளம். விலை ஒன்றும் பயங்கரம் இல்லை, கொல்வது ஷிப்பிங்கும் கஸ்டம்ஸும்தான். இரும்பாகக் கனக்கிற எதையும் இங்கேயே பாருங்கள்.

சோழவரம்_கேலரி
கிராஸ் வாங்கும்போது கிரீஸ் நிப்பிள் உள்ளதாகக் கேளுங்கள். கப் விட்டம், வெளி அகலம் இரண்டையும் வெர்னியரில் அளந்துகொண்டு பேட்டர்ஸ் ரோடு போனால் வேறு வண்டியின் கிராஸ் அப்படியே பொருந்த வாய்ப்பு இருக்கிறது.

அடையாறு_மார்க்3
சரி, முடிவு செய்துவிட்டேன். முதலில் சம்ப், த்ரஸ்ட் வாஷர், ஷெல். அப்புறம் கிராஸ் நான்கையும் மாற்றிவிட்டு ஓட்டிப் பார்த்து டக் போகிறதா என்று பார்க்கிறேன். பாக்ஸை அதற்குப் பிறகு இறக்குவேன். டிஃபரன்ஷியலை பேரிங் வரைக்கும்தான் தொடப் போகிறேன், கிரவுன்-பினியன் என்றால் இந்த வருஷம் ஊளையோடு ஓட்டிக்கொள்கிறேன். ஜிப்சி செட் இப்போதைக்கு இல்லை. ஜி13 பாஸ், கோபம் வேண்டாம்.

ஜி13_பிரியன்
கோபமெல்லாம் இல்லை, கருத்தும் மாறவில்லை. பாக்ஸைத் திறந்து லேகியரை மட்டும் போட்டோ எடுத்து இங்கே போடுங்கள். பல் போயிருந்தால் நானே உங்களைப் புதுப்பேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.

அடையாறு_மார்க்3
கடைசியாக ஒன்று. பாக்ஸுக்கு என்ன ஆயில்? கடையில் எல்லாவற்றுக்கும் ஒரே 90 நம்பர்தான் என்று கொடுக்கிறார்கள்.

அம்பத்தூர்_லேத்
வாங்காதீர்கள். 90 என்பது கெட்டி அளவு மட்டும்தான், டப்பாவில் ஜிஎல் (கியர் ஆயிலின் தர வகை) எத்தனை என்று பாருங்கள். பாக்ஸுக்கு ஜிஎல்-4. ஜிஎல்-5-ல் பல வகை சிங்க்ரோவின் பித்தளையை அரிக்கும், இங்கிலாந்திலிருந்து பணம் கொடுத்து வரவழைத்த ரிங்கையே தின்றுவிடும். டிஃபரன்ஷியலுக்கு ஜிஎல்-5 போடலாம். முன்சக்கரம் திரும்பும் கீழ் மூட்டான ட்ரனியனுக்கும் அந்த 90 ஆயில்தான், கிரீஸ் அடிக்க விடாதீர்கள், சர்வீஸ்காரர் கேட்காமலே அடித்துவிடுவார், பக்கத்திலேயே நில்லுங்கள்.