சொராரிட்டி, ஃபிராட்டர்னிட்டி: உள்ளே போனவர்களும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களும்

ஃபிரிஸ்கோ அம்மா:

மகள் ஆகஸ்டில் காலேஜ் போகிறாள். வகுப்பு தொடங்குவதற்கு முன்னாடியே போய்விட வேண்டுமாம், சொராரிட்டி ரஷ் இருக்கிறதாம். சொராரிட்டி என்றால் கிரேக்க எழுத்துப் பெயர் வைத்த மாணவியர் சங்கம், ரஷ் என்றால் அதற்கு ஆள் சேர்ப்பது. பையன்களின் சங்கம் ஃபிராட்டர்னிட்டி, சுருக்கமாக ஃபிராட். அவள் அப்பாவுக்கு ஃபிராட், சொராரிட்டி என்றாலே குடியும் கூத்தும்தான். எனக்கு அந்த அளவுக்குக்கூடத் தெரியாது. உள்ளே இருந்தவர்கள், பிள்ளைகளை அனுப்பியவர்கள் இருந்தால் நடந்ததைச் சொல்லுங்கள். "எங்க ஆபீசில் ஒருத்தர் சொன்னார்" வகைக் கதை வேண்டாம், அது எங்கள் வீட்டிலேயே நிறைய இருக்கிறது.

தென்பக்கத்துக்காரி:

அக்கா, நான் போயிருக்கிறேன். தென் மாநிலம் ஒன்றில் பெரிய அரசுப் பல்கலைக்கழகம். பெயர் வேண்டாமே.

தெருவின் இரண்டு பக்கமும் வெள்ளைத் தூண் வைத்த வீடுகள், சங்கத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வாசலிலும் எங்களை வெயிலில் வரிசையாக நிற்க வைப்பார்கள். எல்லார் கையிலும் ஒரு பை. அதற்குள் பேட்டரி ஃபேன், வியர்வை ஒற்றும் தாள், ஹீல்ஸைக் கழற்றினால் போட்டுக்கொள்ள ஒரு செருப்பு. நேரம் ஆனதும் கதவு படாரென்று திறக்கும். வாசல் நிலை முழுக்க, கீழிருந்து மேல்வரை அடுக்கினாற்போல் தலைகள். எல்லாரும் கை தட்டிக்கொண்டு, தொண்டை கிழியப் பாடிக்கொண்டிருப்பார்கள். முதல் வாசலில் நான் ஓரடி பின்னால் போய்விட்டேன். பாட்டு முடிந்ததும் ஒருத்தி வந்து கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போவாள். எந்த ஊர், என்ன படிக்கிறாய், கோடையில் என்ன செய்தாய் என்று ஐந்து நிமிடம் பேசுவாள். அதற்குள் இன்னொருத்தி அவள் தோளருகே வந்து நிற்பாள், முதலாமவள் சிரித்தபடியே கழன்றுகொள்வாள். இதற்கு பம்ப் என்று பெயர். கழன்றவள் எங்கே போகிறாள் என்கிறீர்கள்? உங்களுக்கு மதிப்பெண் போட.

பையன்கள், குடி, மதம், அரசியல், பணம், இந்த ஐந்தைப் பற்றியும் வாயே திறக்கக்கூடாது என்று எங்கள் குழுவைக் கூட்டிப்போன சீனியர் சொல்லிவைத்திருந்தாள். இதையெல்லாம் எடுத்துவிட்டால் பதினெட்டு வயதுப் பெண்ணிடம் பேச என்ன மிச்சம் இருக்கும்? நாய்க்குட்டி. எல்லா வீட்டிலும் நாய்க்குட்டியைப் பற்றித்தான் பேசினேன். எங்கள் வீட்டில் நாயே கிடையாது.

ஒவ்வொரு சுற்று முடிந்ததும் நாம் வீடுகளை வரிசைப்படுத்துவோம், வீடுகள் நம்மை வரிசைப்படுத்தும். இரண்டையும் கம்ப்யூட்டர் பொருத்திப் பார்த்து மறுநாள் காலை பட்டியல் அனுப்பும். சுற்றுக்குச் சுற்று வீடுகள் குறைந்துகொண்டே வரும். அந்தக் காலை நேரத்தில் ஹாஸ்டல் பாத்ரூமுக்குள் போக முடியாது, அத்தனை அழுகை. எனக்கும் இரண்டாம் நாளே பாதிக்கு மேல் போய்விட்டது. காரணம் சொல்லமாட்டார்கள். சில பெண்களுக்குப் பழைய உறுப்பினர்களின் சிபாரிசுக் கடிதம் இருந்தது, சிலருக்கு அம்மாவோ பாட்டியோ அதே வீட்டில் இருந்தவர்கள். 2020-ஐ ஒட்டி அந்த வாரிசுச் சலுகையைப் பல சங்கங்கள் எடுத்துவிட்டன என்றாலும் பழக்கம் உடனே போய்விடுமா? எங்க அம்மா சிபாரிசுக் கடிதத்துக்குக் கோயில் கமிட்டியிலா ஆள் தேட முடியும்?

நிறமும் ஒரு காரணமா என்றால், என் விஷயத்தில் எனக்குத் தெரியாது. ஆனால் 2013-ல் அலபாமா பல்கலைக்கழக மாணவர் பத்திரிகையான 'கிரிம்சன் வைட்', தகுதியான கறுப்பினப் பெண்ணைப் பழைய உறுப்பினர்கள் தலையிட்டு ஒதுக்கவைத்தார்கள் என்று உள்ளே இருந்த பெண்களே சொன்னதை அச்சில் போட்டது. நாடு முழுக்கக் கொந்தளித்த பிறகுதான் அங்கே கதவு திறந்தது. 1913 இல்லை அக்கா, 2013.

கடைசியில் பெயர் பெறாத ஒரு வீட்டில் இடம் கிடைத்தது. நல்ல பெண்கள். வாரம் ஒரு கூட்டம், வராவிட்டால் அபராதம். மார்க் குறைந்தால் லைப்ரரியில் கட்டாயம் உட்கார வேண்டும். நிதி திரட்ட நள்ளிரவில் பான்கேக் சுட்டு விற்றோம். என் கல்யாணத்துக்கு வந்து, ஆளாளுக்குப் புடவை சரியாமல் இருக்க ஊக்கு குத்திக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தான்.

அப்பாவுக்கு ஒன்று சொல்லுங்கள். தேசிய பான்ஹெலனிக் மாநாடு என்ற அமைப்பில் இருக்கும் சொராரிட்டிகளின் வீடுகளில் குடி கூடாது. அதனால் பார்ட்டி எல்லாம் ஃபிராட் வீட்டில்தான். யாரை உள்ளே விடுவது, கோப்பையில் என்ன ஊற்றுவது, எல்லாம் பையன்கள் கையில். கவலைப்படுவதானால் ரஷ்ஷைப் பற்றி வேண்டாம், அந்தச் சனிக்கிழமை இரவைப் பற்றிக் கவலைப்படட்டும்.

பேக் பே வாடகைக்காரன்:

நான் உறுப்பினன் இல்லை. எம்.எஸ். படிக்கும்போது ஒரு கோடை முழுக்க ஃபிராட் வீட்டில் வாடகைக்கு இருந்தவன். கோடையில் பையன்கள் ஊருக்குப் போய்விடுவார்கள். காலி அறைகளை இன்டர்ன்ஷிப் வருகிறவர்களுக்கு விடுவார்கள். பாஸ்டன் பேக் பேயில் அந்த வாடகைக்கு வேறு எங்கேயும் இடம் கிடைக்காது.

பழைய செங்கல் வீடு, ஐந்து மாடி, லிஃப்ட் கிடையாது. சமையலறையில் கல்யாண மண்டப அளவுக்கு அடுப்பு. இருந்த மிகச் சின்னப் பாத்திரத்தில் சாம்பார் வைத்தாலும் ஒரு வாரம் சாப்பிட வேண்டும், சாப்பிட்டேன். படிக்கட்டுச் சுவர் முழுக்க வருஷத்துக்கு ஒன்றாகப் பெரிய சட்டம் போட்ட படங்கள். ஒவ்வொன்றிலும் அந்த வருஷப் பையன்களின் முகங்கள் முட்டை வடிவக் கட்டங்களில், கீழே பெயர். கம்பாசிட் என்பார்கள். கீழ்ப்படியில் 1920-கள், மேலே ஏற ஏற நம் காலம். முதல் மாடி முழுக்க ஒரே மாதிரி வகிடு, ஒரே மாதிரி கோட். மூன்றாம் மாடி திரும்பும் இடத்தில்தான் முதல் இந்திய முகம். கண்ணாடி, மீசை, நம் அப்பாக்களின் பழைய பாஸ்போர்ட் போட்டோ அப்படியே. தினமும் ஏறும்போது அவருக்கு ஒரு வணக்கம் வைப்பேன்.

கோடையிலும் அங்கேயே தங்கிய பையன் ஒருவன் சொன்ன செய்தி: எம்.ஐ.டி.யில் 1997-ல் முதலாண்டு மாணவர் ஒருவர் ஃபிராட்டில் அளவுக்கு மீறிக் குடித்து இறந்தார். அதன் பிறகு, 2002-லிருந்து, முதலாண்டுக்காரர்கள் எல்லாரும் வளாக விடுதியில்தான் இருந்தாக வேண்டும். அதற்கு முன் ஊர் வந்து சேர்ந்த சில நாளிலேயே பிள்ளைகள் ஃபிராட் வீட்டுக்குக் குடிபோய்விடுவார்களாம்.

எம்.எஸ். வருகிற தம்பி தங்கைகளுக்கு ஒரு குறிப்பு. 'டௌ பீட்டா பை', 'எட்டா கப்பா நூ' என்று கிரேக்க எழுத்தில் கடிதம் வந்தால் ஃபிராட் என்று நினைத்துக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். அவை நன்றாகப் படிப்பவர்களைச் சேர்க்கும் கௌரவச் சங்கங்கள். முதலாவது பொறியியல் மாணவர்களுக்கு, 1885-ல் லீஹை பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. ரெஸ்யூமேயில் போட்டுக்கொள்ளலாம், யாரும் உங்களைக் குடிக்கச் சொல்லமாட்டார்கள். ஃபிராட்டுக்கும் இதற்கும் மூதாதை ஒன்றுதான்: 1776-ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்த 'ஃபை பீட்டா கப்பா'. அது ரகசியக் கைகுலுக்கல், சபதம் என்று ஆரம்பித்து, பிற்காலத்தில் கௌரவச் சங்கமாக மாறிவிட்டது.

ஹூஸ்டன் பொண்ணு:

இந்தியப் பெண்களின் சொராரிட்டியைப் பற்றி யாருமே சொல்லவில்லையே! 'டெல்டா ஃபை ஒமேகா' 1998-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அதே வருஷம் ஆஸ்டினில் 'கப்பா ஃபை காமா', நியூயார்க்கில் 'சிக்மா சிக்மா ரோ', பையன்களுக்கு ஆஸ்டினில் 'டெல்டா எப்சிலான் சை'. இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் கூட்டமாகக் காலேஜுக்கு வந்த காலம் அது.

நான் சேர்ந்தது இவற்றில் ஒன்று, எது என்று சொல்லவில்லை. தூண் வைத்த வீடெல்லாம் கிடையாது. மொத்தமே ஒரு வேனில் அடங்குகிற அளவுக்குத்தான் பெண்கள். கம்ப்யூட்டர் பட்டியலும் இல்லை, காபி கடையில் உட்கார்ந்து பேசுவார்கள், பிடித்திருந்தால் அழைப்பார்கள். ஆனால் உள்ளே வந்ததும் ஒன்று புரிந்தது: 'தேசி' என்றால் பாதி குஜராத்தி, பாதி பஞ்சாபி. எனக்கு இந்தி வராது என்றதும் "நீ எப்படி இந்தியப் பொண்ணு?" என்றாள் ஒருத்தி. அவளுக்கு குஜராத்தியே சரியாக வராது, அதை அப்போதே சொல்லிக்காட்டினேன். அப்புறம் நெருங்கிய தோழியாகிவிட்டாள். கர்பா ஆட நான் கற்றது அவளிடம்தான்.

புது உறுப்பினர்களை ஊருக்குக் காட்டுகிற நிகழ்ச்சிக்கு புரோபேட் என்று பெயர். முகமூடி போட்டு, ஒரே மாதிரி உடையில், ஒருத்தி முதுகை ஒருத்தி ஒட்டி நடந்து வருவோம். நிறுவியவர்கள் பெயர், தேதி, கிரேக்க எழுத்துகள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில், ஒரே குரலில் கத்த வேண்டும். ஒரு சொல் தவறினாலும் அத்தனை பேர் முன்னால் முதலிலிருந்து. காலால் தரையை உதைத்து ஆடும் ஸ்டெப் கறுப்பின மாணவர் சங்கங்களிடமிருந்து வந்தது. கடைசியில் ஒவ்வொருத்தியாக முகமூடியைக் கழற்றுவாள். எங்க அம்மா மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, நான் கழற்றும்வரை வேறு யாரோ ஒருத்தியைப் பார்த்துக் கை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தமிழ்ச் சங்கம் இருக்கும்போது இது எதுக்குடி?" என்று கேட்ட அதே அம்மாதான். 2020-ல் கமலா ஹாரிஸ் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது, தன் குடும்பம் யார் யார் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சித்திகளைச் சொன்னார், கொஞ்ச நேரத்தில் தன் சொராரிட்டியான 'ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா'வையும் சொன்னார். ஹவர்ட் பல்கலைக்கழகத்தில் 1908-ல் தொடங்கிய சங்கம், அவர் சேர்ந்தது 1986-ல். "சித்தி" என்று கேட்டதும் அம்மா டிவி முன்னால் எழுந்து நின்றுவிட்டார். சொராரிட்டியைச் சொன்னதும் என் பக்கம் திரும்பி, "சரி சரி" என்றார். எனக்குக் கிடைத்த அங்கீகாரம் அவ்வளவுதான்.

இரண்டு பிள்ளை அப்பா:

எல்லாரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் மறுபக்கம் சொல்கிறேன்.

நான் தமிழ்நாட்டில் இன்ஜினியரிங் ஹாஸ்டலில் ராகிங் அனுபவித்தவன். தீக்குச்சியால் வராண்டாவின் நீளத்தை அளந்தவன். 1996-ல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நாவரசு கொலை நடந்தபோது எங்கள் தலைமுறைக்கே வயிறு கலங்கியது. மறு வருஷம் தமிழ்நாடு அரசு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. அதனால் மூத்தவன் ஃபிராட்டில் சேர்ந்த புதிதில், இரவு இரண்டு மணிக்கு யாரையோ காரில் கொண்டுபோய் விட்டுவந்தேன் என்று சொன்னதும் எனக்கு வாசனை தெரிந்துவிட்டது. ஒவ்வொரு உறுப்பினரின் பெயர், ஊர், படிப்பு எல்லாம் மனப்பாடம். போனைப் பிடுங்கி வைத்தல். தூக்கம் இல்லை. "யாரும் கட்டாயப்படுத்தலப்பா, நானாத்தான் போறேன்" என்றான்.

அங்கேதான் வித்தியாசம். எங்கள் ஹாஸ்டலில் ராகிங்கைத் தேடி யாரும் போனதில்லை. இங்கே பிள்ளை தானே கேட்டு, பணமும் கட்டி வாங்கிக்கொள்கிறான். அதனால் அப்பாவிடம்கூடச் சொல்லமாட்டான், சொன்னால் சகோதரர்களைக் காட்டிக்கொடுத்ததாகிவிடும். இதைத் தெரிந்துதான், மாணவன் சம்மதித்தான் என்பது சாக்காகாது என்று டெக்சாஸ், ஃப்ளோரிடா உள்படப் பல மாநிலச் சட்டங்கள் சொல்கின்றன.

2017 பிப்ரவரியில் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஒரு ஃபிராட்டில் புதிதாகச் சேர்ந்த மாணவர் ஒருவர் குடிபோதையில் படியிலிருந்து விழுந்தார். மறுநாள் காலைவரை யாரும் ஆம்புலன்ஸைக் கூப்பிடவில்லை. அவர் பிழைக்கவில்லை. வீட்டுக் கேமராவில் எல்லாம் பதிவாகியிருந்தது. 2018-ல் பென்சில்வேனியா சட்டத்தைக் கடுமையாக்கியது. உதவிக்கு போன் செய்கிறவருக்கு அதில் பாதுகாப்பும் உண்டு. இதைப் பிள்ளைகளுக்கு வார்த்தை வார்த்தையாகச் சொல்லிவையுங்கள்: பயந்துகொண்டு 911-ஐக் கூப்பிடாமல் இருக்காதே.

2024 டிசம்பரில் மத்தியச் சட்டமும் வந்துவிட்டது. எந்தச் சங்கம் என்ன தப்பில் மாட்டியது என்பதைக் கல்லூரிகள் தங்கள் இணையதளத்திலேயே வெளியிட வேண்டும். ரஷ்ஷுக்கு முன் மகளோடு உட்கார்ந்து அதைப் பாருங்கள். ஒரே சங்கம் ஒரு ஊரில் தங்கமாக இருக்கும், அடுத்த ஊரில் தடை வாங்கியிருக்கும். நாடு தழுவிய பெயரை நம்பவே நம்பாதீர்கள்.

மூத்தவன் பாதியிலேயே விட்டுவிட்டான். ஏன் என்று இன்றுவரை முழுதாகச் சொல்லவில்லை. சின்னவன் வேறு கல்லூரி, பிசினஸ் மாணவர்களின் தொழில்முறை ஃபிராட். ஆணும் பெண்ணும் சேர்ந்தது. டை கட்டிக்கொண்டு கூட்டத்துக்குப் போகிறான், முதல் வேலையே அங்கே சீனியராக இருந்தவர் மூலமாகத்தான் கிடைத்தது. அதைப் பற்றிப் புகார் இல்லை.

ஃபிரிஸ்கோ அம்மா:

படிக்கப் படிக்கக் கேள்விதான் கூடுகிறது. இவள் போகப்போவது அந்த பான்ஹெலனிக் சங்கங்களின் ரஷ்தான். செலவு எவ்வளவு? பிடிக்கவில்லை என்றால் நடுவில் விடலாமா?

தென்பக்கத்துக்காரி:

செலவு வீட்டுக்கு வீடு மாறும் அக்கா. சில இடங்களில் செமஸ்டருக்குச் சில நூறு டாலர், அந்த வீட்டிலேயே தங்கிச் சாப்பிட்டால் பல ஆயிரம். முதல் வருஷம் சேர்க்கைக் கட்டணம், பேட்ஜ் என்று கூடுதலாகப் போகும். டி-ஷர்ட்டுக்குத் தனியாக எடுத்துவையுங்கள், நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ரஷ் நடுவில் எப்போது வேண்டுமானாலும் விலகலாம். கவனிக்க வேண்டியது கடைசி இரவு. மெழுகுவர்த்தி, பாட்டு, கண்ணீர் எல்லாம் முடிந்து அசதியாக வெளியே வரும்போது ஒரு உடன்படிக்கையில் கையெழுத்துக் கேட்பார்கள். அதில் அவள் எழுதிக்கொடுத்த வீடு ஒன்று அழைத்து, அவள் வேண்டாம் என்றால், அந்த வளாகத்தில் அடுத்த வருஷ ரஷ்வரை பான்ஹெலனிக் சங்கங்களில் வேறு எதிலும் சேர முடியாது. அதனால் மனதுக்கு ஒப்பாத வீட்டை எழுதவே வேண்டாம். சேர்ந்த பிறகும் முழு உறுப்பினராக்கும் சடங்குவரை சில வாரம் இருக்கும், அதற்குள் விலகிவிடலாம். சடங்கு முடிந்துவிட்டால் பிறகு ராஜினாமா செய்தாலும் அந்தச் சங்கங்களில் வேறு எதிலும் ஆயுசுக்கும் சேர முடியாது. ஹூஸ்டன் தங்கை சொன்ன சங்கங்கள் அந்த அமைப்புக்குள் வராது, அவற்றின் விதி தனி.

அப்புறம், எந்த வீட்டுக்கும் போகாமல் காலேஜை முடித்தவர்கள்தான் எங்கள் வளாகத்தில் பெரும்பான்மை. இதையும் அவளிடம் ரஷ் ஆரம்பிப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பட்டியல் வந்த பிறகு சொன்னால் காதில் ஏறாது.