இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங்: எந்த ஆன்லைன் கிரவுண்ட் ஸ்கூல் (தியரி வகுப்பு)?

வணக்கம். அமெரிக்க பிரைவேட் பைலட் லைசென்ஸ் கையில் இருக்கிறது. அடுத்து இன்ஸ்ட்ருமென்ட் ரேட்டிங், அதாவது வெளியே பார்க்க முடியாதபோதும் கருவிகளை மட்டும் பார்த்து விமானம் ஓட்டும் தகுதி. அமெரிக்காவுக்குத் திரும்பிப் போவதற்குள் எழுத்துத் தேர்வுக்கான தியரியை இங்கே பர்கூரிலேயே (கிருஷ்ணகிரி மாவட்டம்) முடித்துவிட வேண்டும். 60 கேள்வி, இரண்டரை மணி நேரம், 70 சதவீதம் எடுத்தால் பாஸ்.

எஃப்ஏஏ (அமெரிக்க விமானப் போக்குவரத்து ஆணையம்) இலவசமாகத் தரும் இன்ஸ்ட்ருமென்ட் ஃபிளையிங் ஹேண்ட்புக் படித்தாயிற்று. வானிலை, விதிமுறை பரவாயில்லை. இடிப்பது ஹோல்டிங் என்ட்ரியில்தான் (காத்திருக்கும்போது வானில் போடும் நீள்வட்டச் சுற்றுக்குள் எப்படி நுழைவது என்பது). விஓஆர் என்ற தரை ரேடியோ நிலையத்தின் 090 ரேடியலில் (நிலையத்திலிருந்து 090 டிகிரி திசையில் போகும் கோடு) ஹோல்ட், ரைட் டர்ன் என்று வைத்துக்கொள்ளுங்கள்: 060 ஹெடிங்கில் (விமானத்தின் மூக்கு நோக்கும் திசை) வந்தால் டியர்டிராப், 120-ல் வந்தால் பாரலல்; இரண்டும் நுழையும் முறைகளின் பெயர். தாளில் வரைந்தால் சரியாக வருகிறது, வரையாமல் வருவதில்லை. கேள்விக்கு இரண்டரை நிமிடம்தானே!

கேள்வி வங்கி ஆப்பும் போட்டுப் பார்த்தேன். விடை மனப்பாடமாகிறது, காரணம் ஏறவில்லை; செக்ரைடு எனும் இறுதித் தேர்வின் வாய்மொழிப் பகுதியில் எக்ஸாமினர் 'ஏன்' என்று கேட்டால் அது உதவாது. நேரலை வகுப்பு சரிப்படாது. அமெரிக்கக் கிழக்குக் கரையில் இரவு 7 மணி என்றால் கோடையில் நமக்கு விடிகாலை 4.30, அந்நேரம் கரண்ட் போனால் மோடமும் போச்சு.

அதனால் டவுன்லோடு செய்யக்கூடிய வீடியோ வேண்டும். தேர்வு எழுத இன்ஸ்ட்ரக்டர் எண்டோர்ஸ்மென்ட் (தேர்வுக்குத் தயார் என்ற ஒப்புதல்) கட்டாயம் என்பதால் அதையும் கோர்ஸே தர வேண்டும். கிங், ஸ்போர்ட்டிஸ், க்ளைம் (Gleim) ஆகிய மூன்று நிறுவனங்களின் கோர்ஸ்களும் என் பட்டியலில் இருக்கின்றன.

படித்தவர்கள் சொல்லுங்கள்: ஹோல்டிங்கையும் ஹெச்எஸ்ஐ-யையும் (திசையையும் பாதையிலிருந்து விலகலையும் ஒன்றாகக் காட்டும் கருவி) படம் போட்டுப் புரியவைப்பதில் இவற்றில் எது மேல்?