ரைட்டிங் சென்டரில் சுய பரிசீலனைக் குறிப்பு: என்னதான் எழுதுவது?

பாளையங்கோட்டைக்காரி:
இங்கே ஒரு கல்லூரியின் எழுத்து மையத்தில் வேலை பார்க்கிறேன். ஆய்வு மாணவர்கள் கட்டுரையோடு வருவார்கள், உட்கார்ந்து பேசுவோம். ஒவ்வொருவரும் போன பிறகு, அந்தச் சந்திப்பை நாங்கள் எப்படி நடத்தினோம் என்று சுய பரிசீலனைக் குறிப்பு எழுத வேண்டுமாம். கையில் கொடுத்திருப்பது கல்வியாளர் கிரஹாம் கிப்ஸ் 1988இல் சொன்ன சுழற்சி: நடந்தது, உணர்ந்தது, நல்லது கெட்டது, காரணம், முடிவு, அடுத்துச் செய்வது என்று ஆறு கட்டம். எல்லாரும் எழுதுவது ஒன்றேதான்: "மாணவர் வந்தார், முன்னுரை பார்த்தோம், திருப்தியாகப் போனார்." இதில் யாருக்கு என்ன வளர்ச்சி? உருப்படியாகச் செய்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பேட்டை அண்ணாச்சி:
தங்கச்சி, ஆறு கட்டத்தையும் நிரப்ப உட்கார்ந்தால் தாலுகா ஆபீஸ் விண்ணப்பம் மாதிரிதான் வரும். நான் ஒரே ஒரு இடத்தைத்தான் எழுதுவேன், பேச்சு திரும்பிய இடம்.

ஆலங்குளம் பக்கமிருந்து ஒரு பிள்ளை வரும். பீடி சுற்றும் பெண்களைப் பற்றி ஆய்வு. அத்தியாயம் முழுக்க யார் யாரோ சொன்ன வரையறைகள். இலக்கணம் பார்த்தவரைக்கும் பிள்ளை வாயே திறக்கவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு, "கடையில இலையக் குறைச்சுப் போட்டா என்ன செய்வாங்க?" என்று கேட்டேன். அவ்வளவுதான். கைக்காசு போட்டு இலை வாங்குவது, ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி, கழித்துத் தள்ளும் பீடி என்று வீட்டில் பார்த்ததையெல்லாம் மளமளவென்று சொன்னது. அத்தியாயத்தில் அதில் ஒரு வரிகூட இல்லை!

அன்றைக்கு எழுதியது இதுதான்: பேனா என் கையில் இருந்தவரை பிள்ளை பேசவில்லை, ஏன்? அப்புறம் வருகிறவர் கையிலேயே பேனாவைக் கொடுத்துப் பார்த்தேன். கூச்சக்காரர்களிடம் பலித்தது. மறுநாள் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஓடி வந்த ஒருவரிடம் பலிக்கவில்லை, அவருக்கு நேராகச் சொல்லித்தான் ஆகவேண்டியிருந்தது. அதையும் எழுதினேன். தொழில் செய்கிறவர்கள் எப்படி யோசிக்கிறார்கள் என்று ஆராய்ந்த டொனால்ட் ஷோன் 1983இல் பிரித்துக் காட்டியதும் இதைத்தான்: வேலை நடக்கும்போதே யோசித்துத் திசை மாற்றுவது ஒன்று, முடிந்தபின் திரும்பிப் பார்ப்பது இன்னொன்று. பேச்சு எங்கேயும் திரும்பாத நாளில் நோட்டு காலியாகவே இருக்கட்டும்.

மேலப்பாளையம் வாசகி:
அண்ணாச்சி சொல்வது சரி. ஆனால் அந்த நோட்டை யார் வாசிக்கிறார்கள்? பதவி உயர்வுக்கு மேலிடம் பார்க்கும் என்றால் எல்லாரும் "திருப்தியாகப் போனார்" என்றுதான் எழுதுவார்கள், அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? இரண்டு நோட்டு வையுங்கள். ஒன்று மேலே போகட்டும். மற்றதை நம்பிக்கையான சக ஆசிரியரோடு மட்டும் மாற்றி வாசியுங்கள். மாணவர் பெயரை எழுதவே வேண்டாம், ஊருக்குள் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்.

பாளையங்கோட்டைக்காரி:
இரண்டு நோட்டு நல்ல யோசனை அக்கா. அண்ணாச்சி, பேனாவைக் கொடுத்தால் "நீங்களே திருத்திருங்க மேடம்" என்று திருப்பித் தருகிறார்களே?

பேட்டை அண்ணாச்சி:
வாங்காதீங்க. ஒரு பத்தியைச் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்க. தடுக்கி நிற்கிற இடத்தில் அநேகமாக அவங்களே கோடு போட்டுவிடுவாங்க. எங்கேயும் நிற்காமல் வாசித்து முடித்துவிட்டால், அன்றைக்கு எழுத உங்களுக்கு விஷயம் கிடைத்தாச்சு.