காசிமிர் விசையை அளக்கப் போய் மின்னழுத்தத்தோடு மல்லுக்கட்டிய கதை

மின்னூட்டமே இல்லாத இரண்டு உலோகப் பரப்புகள் வெற்றிடத்தில் மிக நெருங்கும்போது ஒன்றையொன்று இழுப்பதுதான் காசிமிர் விசை. அதை அளந்தவர்கள் பெரும்பாலும் விசையைப் பற்றியே பேசுகிறோம். ஆய்வகத்தில் என் நேரத்தைத் தின்றது மின்னழுத்தம்தான், அதனால் அதையே சொல்கிறேன்.

அணுவிசை நுண்ணோக்கியின் கான்டிலீவரில் (விசை பட்டால் வளையும் மெல்லிய நெம்புத்தண்டு) தங்கம் பூசிய கோளம், ஆரம் 100 மைக்ரோமீட்டர். எதிரே தங்கம் பூசிய தகடு. சுற்றிலும் வெற்றிடம். 1948-ல் இயற்பியலாளர் காசிமிர் இந்த விசைக்குக் கணக்குப் போட்டது இரண்டு தட்டைத் தகடுகளுக்கு. ஆனால் அவற்றை இம்மியும் சாயாமல் இணையாக நிறுத்துவது பெரும்பாடு. இந்த விசையை அளந்த லாமரோ 1997-லும், மொகிதீனும் ராயும் அடுத்த ஆண்டும் ஒரு பக்கத்தை வளைவாக வைத்துக்கொண்டதற்கு இதுதான் காரணம்.

இடைவெளி 100 நானோமீட்டர் என்றால், குறையே இல்லாத உலோகத்துக்கு விசை சுமார் 270 பிக்கோநியூட்டன். தங்கத்தில் இன்னும் குறையும். இரண்டு பக்கமும் தங்கம், இரண்டையும் கம்பியால் இணைத்தாயிற்று, அப்புறம் மின்விசை எங்கிருந்து வரும்? வரும். பூச்சிலுள்ள படிகத் துணுக்குகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்த்து நிற்கும், மேலே படியும் அழுக்கு வேறு. இவற்றால் பரப்பில் இடத்துக்கு இடம் மின்னழுத்தம் மாறுகிறது. அதே இடைவெளியில் வெறும் 0.1 வோல்ட் வித்தியாசம் இருந்தாலே போதும், காசிமிர் விசை அளவுக்கு மின்விசை இழுத்துவிடும்!

அதனால் தகட்டுக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி, கான்டிலீவர் எவ்வளவு வளைகிறது என்று குறித்துக்கொண்டே போவோம். வரைபடத்தில் அழகான பரவளையம் விழும். அதன் அடி பூஜ்யத்தில் இருக்காது, பல மில்லிவோல்ட் தள்ளி நிற்கும். அந்த மின்னழுத்தத்தைக் கொடுத்த பிறகும் மிச்சமிருக்கும் இழுப்பைத்தான் காசிமிர் விசை என்று எடுத்துக்கொள்ள முடியும்.

இடைவெளியும் அந்தப் பரவளையத்தின் வளைவிலிருந்துதான் கிடைக்கிறது. கோளத்துக்கும் தகட்டுக்கும் உள்ள இடைவெளியை மாற்றும் பீசோ படிகம், எவ்வளவு நகர்ந்தது என்று மட்டும் சொல்லும், எங்கிருந்து என்று சொல்லாது. தொட்டுப் பார்த்து பூஜ்யம் வைக்கலாம் என்றால் பரப்பின் சொரசொரப்பு குறுக்கே நிற்கிறது. 100 நானோமீட்டரில் ஒரே ஒரு நானோமீட்டர் பிசகினால் விசை 3 சதவீதம் வரை தவறும்.

புதிதாக ஆரம்பிப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பரவளையத்தின் அடியை ஒரே ஒரு இடைவெளியில் கண்டுபிடித்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொரு இடைவெளியிலும் பாருங்கள். கோளம் நெருங்க நெருங்க அது இடம் மாறிக்கொண்டே போனால், திட்டுத்திட்டான மின்னழுத்தம் இன்னும் விசையில் கலந்திருக்கிறது. அந்தத் தரவைக் கோட்பாட்டோடு ஒப்பிடும் முன் பரப்பைச் சுத்தம் செய்யுங்கள், முடியாவிட்டால் மாற்றிவிடுங்கள்.