மகள் படிப்புக்கு பி.எஃப். பணத்தில் கை வைக்கலாமா?

ஓசூர் ஷிஃப்ட்:
வயது 46. தனியார் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். பி.எஃப். பாஸ்புக்கில் 14 லட்சம் காட்டுகிறது. வேறு சேமிப்பு என்று பெரிதாக இல்லை. மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். கவுன்சலிங்கில் இடம் கிடைத்தாலும் விடுதி, புத்தகம் எல்லாம் சேர்த்து நான்கு வருடத்துக்கு 4 லட்சம் ஆகும். கல்விக் கடன் வேண்டவே வேண்டாம் என்கிறார் மனைவி, பெண் பிள்ளை கடனோடு படித்து வரக் கூடாதாம். இதற்கு நடுவில் தை மாதம் தங்கை மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் என்று 2 லட்சமாவது எடுத்து வைக்க வேண்டும். அம்மாவின் மருந்துக்கு மாதம் 4,000. படிப்புக்கு பி.எஃப்.பில் எடுத்துவிடலாம் என்று இருக்கிறேன். தடுப்பவர்கள் காரணத்தோடு தடுக்கவும்.

வட்டிக்கணக்கு:
தடுக்கிறேன். இன்றைய வட்டி 8.25 சதவீதம். இதே வட்டி நீடித்தால் நீங்கள் எடுக்கப்போகும் 4 லட்சம், 58 வயதில் ஏறத்தாழ 10.35 லட்சம். அதை மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் 8.2 சதவீதத்துக்குப் போட்டால் மாதம் 7,000 ரூபாய் வருகிறது. பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் இருக்கிறதே என்று நினைக்காதீர்கள். 15,000 ரூபாய் சம்பள வரம்பை வைத்து, அதைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70ஆல் வகுப்பதுதான் அந்தக் கணக்கு. கூடுதல் பென்ஷனுக்கு விருப்பம் எழுதிக் கொடுத்தவர்களைத் தவிர, முப்பது வருடம் வேலை பார்த்தவருக்கும் 7,000 தாண்டாது. ஆக, உங்களுக்கு வரப்போகும் பென்ஷன் அளவுக்கு இன்னொரு பென்ஷனை இன்றைக்கே எடுத்துச் செலவழிக்கப் பார்க்கிறீர்கள்.

மேலமாசி வீதி:
வட்டிக்கணக்கு சார், பாதிக் கணக்கைத்தான் சொன்னீர்கள். விலைவாசி வருடம் 6 சதவீதம் ஏறினால் பன்னிரண்டு வருடத்தில் அந்த 7,000 இன்றைய 3,500க்குச் சமம். அப்புறம், கல்விக் கடன் வட்டி 10 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. 8.25 வாங்கும் பணத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு 10 சதவீதத்துக்குக் கடன் வாங்கு என்று சொல்வது எந்த ஊர்ப் பொருளாதாரம்? பிள்ளை படிப்புக்கு என்று விதியிலேயே இடம் வைத்திருக்கிறார்கள். ஏழு வருட சர்வீஸ் இருந்தால் தன் பங்கில் பாதியை எடுக்கலாம் என்பது நெடுநாள் விதி. 2025 அக்டோபரில் பி.எஃப். அமைப்பின் அறங்காவலர் குழு அதை இன்னும் தளர்த்த முடிவு செய்தது. எடுக்கக் கூடாத பணம் என்றால் எதற்கு வழி விடுகிறார்கள்? படிக்க வைத்த பிள்ளை கைவிட்டுவிடாது. நம்ம ஊரில் அதுதானே பென்ஷன்.

முதல் தவணை:
அந்தப் பென்ஷன் நான்தான் அண்ணா. அதனால் என் பக்கத்தையும் சொல்கிறேன்.

என் படிப்புக்கு அப்பா பி.எஃப்.பை வழித்து எடுத்துக் கட்டினார். கடன் இல்லாமல் வெளியே வந்தேன், எல்லாரும் பெருமையாகச் சொன்னார்கள். இப்போது எனக்கு 33 வயது. மாதம் 18,000 ஊருக்கு அனுப்புகிறேன். மருத்துவமனைச் செலவு வந்தால் அது தனி. என் குழந்தைக்கு இன்னும் ஒரு டெபாசிட் கூடப் போடவில்லை. மாமனார் வீட்டில் இதைப் பற்றி நேராகக் கேட்க மாட்டார்கள், ஆனால் ஒவ்வொரு மாதமும் ஒன்றாம் தேதி வீட்டில் ஒரு முறைப்பு இருக்கும். கல்விக் கடன் வாங்கியிருந்தால் பத்து வருடத்தில் கடைசித் தவணை என்று ஒன்று வந்திருக்கும். இதற்கு அப்படி ஒரு தேதியே கிடையாது. யாராவது அந்தத் தேதியைப் பற்றி யோசித்தால்கூட அது எவ்வளவு அசிங்கமான யோசனை என்று உங்களுக்கே புரியும்.

அப்பாவுக்கும் சுகமில்லை. மூக்குக்கண்ணாடி மாற்றக்கூட என்னிடம் கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க மாட்டார், அம்மாதான் போனில் மெதுவாகச் சொல்வார்.

மேலமாசி வீதி:
தங்கச்சி, பெற்றவர்களுக்கு அனுப்புவதைத் தவணையோடு வைத்துப் பேசுவது எனக்கு ஏற்பில்லை. என் அப்பாவுக்கு நான் செய்தேன், கணக்கு வைத்ததில்லை.

முதல் தவணை:
நீங்கள் செய்ததில் உங்கள் வீட்டம்மாவுக்கு எவ்வளவு பங்கு என்று கேட்டுப் பாருங்கள், அவர் வைத்திருப்பார். மகன் அனுப்பினால் கடமை, மகள் அனுப்பினால் புகுந்த வீட்டில் பஞ்சாயத்து. இவர் பேசுவது மகளைப் பற்றி, அதை மறக்க வேண்டாம். பிள்ளைதான் பென்ஷன் என்பவர்களுக்கு இன்னொன்று. 2007ல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. அதில்கூட மாதம் 10,000 ரூபாய்தான் உச்ச வரம்பு.

பழைய பேங்க் மேனேஜர்:
கல்விக் கடன் என்றதும் எல்லாரும் பூதம் போலப் பார்க்கிறீர்கள். 4 லட்சம் வரை நாம் முன்பணமாக எதுவும் போட வேண்டாம். 7.5 லட்சம் வரை சொத்து அடமானமும் வேண்டாம். படிப்பு முடிந்து ஒரு வருடம் வரை தவணை இல்லை, அதுவரை தனி வட்டிதான். வருடம் ஒரு லட்சமாக எடுத்து, இடையில் ஒன்றும் கட்டாமல் விட்டால் தவணை தொடங்கும்போது 5.4 லட்சம் நிற்கும்; பத்து வருடத் தவணை மாதம் 7,100 சொச்சம். படிக்கும் காலத்திலேயே வட்டியை மட்டும் அப்பா கட்டி வந்தால் அசல் 4 லட்சத்தோடு நிற்கும், தவணை 5,300. முதல் வருடம் அந்த வட்டி மாதம் 830 ரூபாய், நான்காம் வருடம் 3,300. சூப்பர்வைசர் சம்பளத்தில் இது முடியாததா?

குடும்ப வருமானம் வருடம் 8 லட்சத்துக்குள் இருந்து, கல்லூரியும் மத்திய அரசின் கல்விக் கடன் திட்டமான பி.எம். வித்யாலட்சுமியின் பட்டியலில் இருந்தால் 3 சதவீத வட்டிச் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம். கல்லூரி தேர்வு செய்யும்போதே பார்க்க வேண்டிய விஷயம். நிர்வாக ஒதுக்கீட்டு இடம் என்றால் கதை வேறு, கிளையில் ஆயிரம் கேள்வி கேட்பார்கள்.

மேலமாசி வீதி:
சார், நீங்கள் மேனேஜராக இருந்த கிளையில் கொடுத்திருப்பீர்கள். என் அண்ணன் மகனை ஒரு வங்கி நான்கு மாதம் அலைய விட்டது. அதைவிட முக்கியமானதைச் சொல்லாமல் விட்டீர்கள். அப்பா இணைக் கடன்தாரர். இன்ஜினியரிங் முடித்துவிட்டு 15,000 சம்பளத்துக்கு எத்தனை பேர் போகிறார்கள் என்று தெரியாதா? பெண்ணுக்கு வேலை அமையாவிட்டால் வங்கி 51 வயது அப்பாவைத்தான் பிடிக்கும். கடனை ஒழுங்காகக் கட்டுபவரா என்று வங்கிகள் பார்க்கும் அவருடைய சிபில் மதிப்பெண் கெடும். அப்போது என்ன செய்வார்? இதே பி.எஃப்.பைத்தான் உடைப்பார். கூடவே வட்டியும் போயிருக்கும்.

வட்டிக்கணக்கு:
இந்த ஒரு கேள்வி நியாயமானது. அதற்குப் பதில்: அப்போது உடைக்கலாம். இன்றைக்கே உடைத்துவிட்டால் அப்போது உடைக்க ஒன்றும் இருக்காது. கடன் வாங்குவதில் கிடைப்பது அந்த ஐந்து வருட அவகாசம். நீங்கள் சொன்ன ஒன்றே முக்கால் சதவீத வித்தியாசம் அதற்கான விலை, அது அதிகம் என்று நான் நினைக்கவில்லை. எடுத்த பணத்தை வி.பி.எஃப். மூலம், அதாவது நாமே விரும்பி பி.எஃப்.பில் கூடுதலாகப் போட்டு, திரும்பக் கட்டலாம் என்று அடுத்து யாராவது வருவார்கள். கட்டலாம், வழி இருக்கிறது. கட்டிய ஒருவரை எங்கள் அலுவலகத்தில் நான் பார்த்ததில்லை.

சரி, எல்லாரும் படிப்பையே பிடித்துக்கொண்டோம். அந்த 2 லட்சம் சீர் எங்கிருந்து வருகிறது?

ஓசூர் ஷிஃப்ட்:
அதற்கு நகைக்கடன் யோசித்தேன். மனைவியின் வளையல் எட்டு பவுன் இருக்கிறது.

முதல் தவணை:
மகள் கடன் வாங்கக் கூடாது என்று சொல்பவரின் வளையல் சீருக்காக அடகுக்குப் போகிறது! அக்காவிடம் கேட்டீர்களா?

மேலமாசி வீதி:
சீரைக் குறை சொல்லாதீர்கள். தாய்மாமன் சபையில் வெறுங்கையோடு நிற்க முடியாது. இவர் மகளுக்கு நாளைக்கு ஒன்று என்றால் அந்தத் தங்கை வீடுதான் முதலில் வரும். எங்கள் பக்கம் மொய் நோட்டைப் பார்த்தால் தெரியும், போட்டது எங்கும் போய்விடாது.

பழைய பேங்க் மேனேஜர்:
வெறுங்கையோடு நிற்கச் சொல்லவில்லை தம்பி. பட்டும் ஒரு பவுனும் வைத்தால் சபை ஒன்றும் எழுந்து போய்விடாது. நான் இருந்த கிளையில் நகைக்கடன் கவுண்டரில் கல்யாண மாதங்களில் கூட்டம் எப்படி இருக்கும் என்று பார்த்திருக்கிறேன். அடகு வைக்க வந்தவர்களில் பாதிப் பேர் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்காக வந்தவர்கள் இல்லை.

ஓசூர் ஷிஃப்ட்:
எல்லாருக்கும் நன்றி. தங்கையிடம் நேற்று பேசினேன். ஒரு பவுன் சங்கிலியும் பட்டும் போதும் என்று அவளே சொன்னாள், அவள் கணவர்தான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். தீபாவளி போனஸில் பெரும்பகுதி அதற்குப் போகும், மிச்சத்தைச் சம்பளத்தில் சமாளிக்க வேண்டும். வளையல் வீட்டிலேயே இருக்கட்டும். படிப்புக்குக் கடன், வட்டியை நான் கட்டுவது என்று முடிவு செய்திருக்கிறேன். மனைவி இன்னும் சரி என்று சொல்லவில்லை. 830 ரூபாய் கணக்கைக் காட்டினேன், நான்காம் வருடக் கணக்கை முதலில் காட்டு என்கிறார்.

மேலமாசி வீதி:
அவர் கேட்பதுதான் சரியான கேள்வி. அந்த வருடம் வட்டி 3,300, அம்மா மருந்து 4,000. அதுவும் ஏறியிருக்கும். எழுதிக் காட்டுங்கள். எனக்கு இன்னும் பி.எஃப்.தான் நல்லது என்று படுகிறது.

வட்டிக்கணக்கு:
காட்டும்போது 58க்குப் பிறகு மாதம் என்ன வரும் என்ற கணக்கையும் பக்கத்தில் எழுதுங்கள். அந்தப் பணத்தில் அவரும்தானே சாப்பிடப் போகிறார்.